தள்ளுபடியான கேள்விகள்

ஆபீஸில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். சட்டம் படித்தவனில்லை, கோர்ட் வாசற்படி மிதித்தவனுமில்லை. வீட்டுச் சாமான் பழுதானால் ஜனங்கள் வந்து கேள்வி கேட்கிற ஓர் இணையதளத்துக்கு அவன் நிர்வாகி, அவ்வளவுதான். மிக்ஸி உறுமுகிறது, வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்குகிறது என்று யாராவது எழுதுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். கேள்வியோ பதிலோ பிடித்திருந்தால் வருகிறவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்தப் போக்குவரத்தை ஓரமாக நின்று ஒழுங்குபடுத்துவதற்கு வேறு யாராவது கிடைத்திருந்தால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். ஜட்ஜுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

அவனுடைய கணக்கில் உலகத்தில் இரண்டே ஜாதி. பதில் தெரிந்தவர்கள் ஒன்று, கேள்வி கேட்கிறவர்கள் இன்னொன்று. இரண்டாவது ஜாதியைக் கண்டால் அவனுக்கு ஆகாது. மாடல் நம்பர் போட மாட்டார்கள், பிழையில்லாமல் எழுத மாட்டார்கள், "சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளை அழுகிறது" என்று சொந்தக் கதையை வேறு நடுவில் செருகுவார்கள். "கேக்கத் தெரியாதவனுக்கு எதுக்குப் பதில்?" என்பான். இவன் ஆயுசில் ஒரு பியூஸ் மாற்றினவனில்லை என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதை அவன் எதிரில் யாரும் சொல்வதில்லை.

பதில் வராத கேள்விகள்தான் அவன் கண்ணில் விழுந்த தூசி. பழைய பழைய கேள்விகள், பதிலும் இல்லாமல் ஒரு ஓட்டும் இல்லாமல் தளத்தின் அடியில் கிடந்தன. முதலாளிக்குக் காட்டுகிற அறிக்கையில் அவை அசிங்கமாகத் தெரிந்தன. ஒருநாள் ஜட்ஜ், தளத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சர்வர்காரரைக் கூப்பிட்டு ஒரு விதி எழுத வைத்தான். இரண்டு வாரம் ஆகியும் பதில் வராத, ஒரு ஓட்டுக்கூட விழாத கேள்வி தானாகவே அழிந்துவிட வேண்டும். யாரையும் கேட்கத் தேவையில்லை, எழுதினவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆபீஸில் அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தார்கள்.

"அழிச்சதை ஒரு ஓரமா எடுத்து வச்சுக்கலாமா சார்? பின்னால வேணும்னா பாக்கலாம்" என்று சர்வர்காரர் கேட்டார்.

"குப்பையை எதுக்குய்யா பத்திரப்படுத்தணும்? பெருக்கினா வெளியில போயிடணும்" என்றான் ஜட்ஜ்.

அப்படியே ஆயிற்று. ஆபீஸ் சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டி, பதில் கிடைத்த கேள்விகள் நூற்றுக்கு எத்தனை என்று அதில் ஓடவிட்டான். துடைப்பம் பெருக்கப் பெருக்க அந்த எண் ஏறியது. பதில் எழுதினவர்கள் ஒன்றும் கூடவில்லை, பதில் இல்லாதவற்றைத்தான் காணோம். இந்தச் சாதாரணக் கழித்தலை முதலாளி பெரிய சாதனை என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார். முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டார்கள்: "இங்கே பதில் இல்லாத கேள்வி இல்லை."

அதோடு விட்டானா என்றால் இல்லை. துடைப்பம் பெருக்கப் போகிற கேள்விகளின் வரிசை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் திரைக்கு வரும். டீ வேளையில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு, "இன்றைய தள்ளுபடி" என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொன்றாக வாசிப்பான். கேட்டவர்களின் குரல் எப்படியிருக்கும் என்று அவனே ஒரு குரல் பண்ணிக்கொள்வான், பெண் எழுதினது என்றால் இழுத்து, கிழவர் எழுதினது என்றால் இருமிக்கொண்டு. கடைசியில் மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொல்வான். ஆபீஸ் சிரிக்கும். சிரிக்காதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழுந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

நடுவில் சில மாதம் அடிக்கடி ஒரு மாதிரிக் கேள்வி வந்தது. தொட்டால் எரிகிற, மேலே கண்ணாடி போட்ட மின்சார அடுப்பு ஒன்று புதிதாக வந்திருந்தது. அது தானாகவே பற்றிக்கொள்கிறது என்றார்கள். "பேய் அடுப்பு கேஸ் வந்திருக்குப்பா!" என்று ஜட்ஜ் சொன்னாலே அடுத்த மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலைக்குப் போய்த் திரும்பினால் அடுப்பு எரிகிறது, தனியாகத்தான் இருக்கிறேன், சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஒருவன் எழுதியிருந்தான். "சாவி இருக்கு, மூளைதான் வீட்டுல இல்ல. தள்ளுபடி!" என்று மேஜையைத் தட்டினான் ஜட்ஜ். அன்றைக்குச் சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறி முதுகைத் தட்டவேண்டியிருந்தது.

இதெல்லாம் அமோகமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அவன் அக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் எதைப் பின்னால் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் சொல்லி அனுப்புகிற ரகம். அவளைக் கவனமில்லாதவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இப்போது புகுந்த வீடு மொத்தமும் சொல்கிறது.

விஷயம் இதுதான். அவள் வீட்டிலும் அந்தக் கண்ணாடி அடுப்புதான். போன வாரம் காலையில் சமைத்து, அடுப்பை அணைத்து, துடைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மதியம் மாமியார் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க எட்டும்போது, பிடிமானத்துக்கு அடுப்பின் மேல் கையை ஊன்றினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், "அணைக்காம போயிட்டா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அணைத்தேன் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டது எடுபடவில்லை.

"உங்க அத்தான் என்ன சொல்லிட்டார் தெரியுமா?" என்று அக்கா சொன்னாள். "ஞாயித்துக்கிழமை கம்பெனிக்காரர் வந்து பாக்கப் போறாராம். அடுப்புல கோளாறுன்னா சரி. இல்ல, நாந்தான் அணைக்கலன்னா... அம்மாவை உன்கிட்ட நம்பி விடமுடியாது, நீ உன் தம்பி வீட்டுலயே இருந்துக்கோங்கறார். பாப்பாவை அங்கயே விட்டுட்டு வந்திருக்கேன்டா. அவளுக்குப் பரீட்சை."

ஜட்ஜுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூடவே, தன் வீட்டுச் சோபாவில் இனிமேல் காலை நீட்ட முடியாதே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும், அவன் மனது கொஞ்சம் தாராளமானது.

"கம்பெனிக்காரன் எங்கக்கா கோளாறுன்னு ஒத்துப்பான்?" என்றான்.

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். உன் தளத்துலயே இருக்கேடா! இதே அடுப்பு தானா எரியுதுன்னு எழுதியிருந்தாங்களே, நாலஞ்சு பேராவது. நான் படிச்சேன். அதை எடுத்துக் குடு. பாருங்க, எனக்கு மட்டும் இல்லன்னு அவங்க முன்னால வச்சிடறேன்."

அந்தத் தளத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஜீவன் உலகத்தில் ஒன்றுண்டு என்றால் அது அக்காதான். தம்பி நடத்துகிறான் என்பதற்காகவே, வேண்டாத மிக்ஸிக் கதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டு போவாள். ஜட்ஜ் அவள் பையை எடுத்து உள்ளே வைத்தான். "பாக்கறேன்" என்றான்.

மறுநாள் ஆபீஸில் அடுப்பு என்று தேடினான். எரிகிறது, தானாக, பீப் சத்தம், என்னென்னவோ போட்டுத் தேடினான். ஒன்றும் இல்லை. அந்த அடுப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, கண்ணாடியில் கறை போக எதைப் போட்டுத் துடைப்பது என்று. அதற்குப் பதினேழு பதில்.

சர்வர்காரரைக் கூப்பிட்டான். அவர் வந்து நின்று, தாடையைச் சொறிந்துகொண்டு, "அது போயிடுச்சே சார்" என்றார்.

"எங்கேயாவது ஒரு பிரதி இருக்குமேய்யா."

"எடுத்து வைக்கலாமான்னு கேட்டேன். நீங்கதான் குப்பைன்னீங்க."

மேலே ஏதாவது சொல்லியிருந்தால் ஜட்ஜ் எரிந்து விழுந்திருப்பான். அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஜட்ஜ் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான், மாதக்கணக்கில் வாசித்துச் சிரித்தவனுக்கு, முதல் தடவையாக ஒன்று உறைத்தது. அத்தனை பேரும் ஒரே அடுப்பைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாக வாசித்தபோது ஒவ்வொருவரும் ஒரு முட்டாள். சேர்த்து வைத்துப் பார்த்தால் முட்டாள் அடுப்புதான். சேர்த்து வைத்துப் பார்க்க வழியில்லாமல், வந்தவற்றை வந்த வரிசையில் பெருக்கித் தள்ளியாயிற்று. ஒருவர் எழுதினதை இன்னொருவர் பார்ப்பதற்குள் முதலாவது போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் என்று ஒருவராவது ஓட்டுப் போட்டிருந்தால் அது தங்கியிருக்கும். போடுவதற்கு ஆள் வருகிற வரையில் துடைப்பம் காத்திருக்கவில்லை.

சரி, தப்புத் தெரிந்துவிட்டது, நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னான் என்று நினைத்தால் நீங்கள் ஜட்ஜைப் புரிந்துகொள்ளவில்லை.

"தேடிப் பாத்தேன்கா" என்றான் சாயங்காலம், கால்சட்டையை மாற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பாராமல். "அப்படி எதுவும் இல்ல."

"இல்லையா? நான் படிச்சேனேடா."

"வேற எங்கயாவது படிச்சிருப்பே. நம்ம தளத்துல அந்த மாதிரி வந்ததே இல்ல. எனக்குத் தெரியாதா? பிரமைக்கா. மனசு சரியில்லாதப்போ இப்படியெல்லாம் தோணும்."

அக்கா வாதாடியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும், கத்திச் சமாளித்திருப்பான். அவள் வாதாடவில்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்து, "அப்போ அதுவும் பிரமைதானா?" என்று மட்டும் கேட்டாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நான் அணைச்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேனே, அது?" என்றாள். ஜட்ஜ் டிவி சத்தத்தைக் கூட்டினான். நாய்க்குப் பிறந்த பயல் என்று யாராவது அவனைத் திட்டியிருந்தால் அந்த நிமிஷத்தில் அது தகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஹாலில் நாற்காலிகளைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். நடுவில் மாமியார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையரானவர். சொந்தக்காரர்கள், டாக்டர்கள், பள்ளிக்கூடங்கள் என்று எல்லார் நம்பரும் அவருக்கு மனப்பாடம். செல்போனில் நம்பர் தேடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஏளனம். வலது கையில் பெரிய கட்டு. மருமகள் உள்ளே வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கம்பெனிக்காரர் டை கட்டியிருந்தார். அடுப்பைத் தொட்டார், ஏற்றினார், இறக்கினார், எதையோ வைத்து அளந்தார். பிறகு சோபாவில் வந்து உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஆரம்பித்தார்.

"அடுப்பு நல்லா இருக்குங்க. எந்தக் குறையும் இல்ல. தானா எரியறதுங்கறது டெக்னிக்கலா நடக்காத விஷயம். இருந்தாலும் நாங்க சும்மா சொல்லிட மாட்டோம். வேற யாராவது இப்படிச் சொல்லியிருக்காங்களான்னு எல்லா இடத்துலயும் தேடினோம். ஒருத்தரும் சொல்லல." கையில் இருந்த திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினார். "இது ஒரு கேள்வி பதில் தளம். ரொம்ப ஒழுங்கான தளம். பதில் இல்லாத கேள்வியே இங்க கிடையாது. எல்லா வீட்டுச் சாமானைப் பத்தியும் இருக்கு. இதுலகூட அப்படி ஒரு கேள்வி இல்ல. பாருங்க, இந்த அடுப்புக்கு மொத்தம் ஒரே ஒரு கேள்வி. கறை போக்கறது எப்படின்னு."

"அது நம்ம மாப்ள நடத்தற தளமாச்சே!" என்றார் அத்தான்.

"அப்படியா சார்?" கம்பெனிக்காரர் எழுந்து வந்து ஜட்ஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்போ நான் பேசவே வேண்டாமே! நீங்களே சொல்லிடலாமே."

எல்லோரும் ஜட்ஜைப் பார்த்தார்கள். அவன் அழித்த இடத்தைக் காட்டி, பாருங்கள் இங்கே ஒன்றுமில்லை என்கிறான் ஒருத்தன், அதுவும் பாராட்டிக் கை குலுக்கிக்கொண்டே.

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "அவனைக் கேக்க வேண்டாம்" என்றாள். "நான்தான் அணைக்காம போயிருப்பேன். எனக்கே இப்போ நிச்சயமா சொல்லத் தெரியல. மன்னிச்சிடுங்க அத்தை. பாப்பாவைப் பாத்துட்டு நான் போயிடறேன்."

"வந்துச்சு!" என்று கத்தினான் ஜட்ஜ்.

அக்காவின் மேல் இருந்த பாசத்தில் கத்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி அதுதான். மீதிப் பாதி, அந்த டை கட்டினவன் தன் தளத்தைத் தன்னைவிட ஜம்பமாகத் தூக்கிக் காட்டியது பொறுக்கவில்லை. எப்படியோ, சொல்லிவிட்டான்.

"வந்துச்சு. நிறைய வந்துச்சு. எல்லாம் இதே அடுப்பு. யாருக்கும் பதில் தெரியல, அதனால அழிஞ்சிடுச்சு. அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா?" கம்பெனிக்காரர் கையை விட்டார். "பிரதி?"

"இல்ல."

"அப்போ ஆதாரம் எதுவும் இல்லாம, நீங்க சொல்றதை வச்சு..." என்று இழுத்து, சிரித்து, "உங்க அக்கா இல்லையா, சொல்லத்தான் செய்வீங்க" என்றார். கேட்கத் தெரியாமல் கேட்கிறவர்களைப் பார்த்து ஜட்ஜ் சிரிப்பானே, அச்சாக அதே சிரிப்பு.

"ஆதாரம் இல்ல. எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றான் ஜட்ஜ்.

சொல்ல ஆரம்பித்தான். சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதினவனைச் சொன்னான். துடைத்துவிட்டு நகர்ந்தேன், பின்னால் பீப் என்றது, திரும்பினால் சிவப்பாக இருக்கிறது, கணவர் நம்ப மாட்டேனென்கிறார் என்று எழுதினவளைச் சொன்னான். சொல்லும்போது அவனையறியாமல் குரல் இழுத்தது, கிழவர் வந்தபோது இருமல் வந்தது. அந்தக் குரல்களோடுதான் அவை அவனுக்கு நினைவிருந்தன, குரலைக் கழற்றினால் வரி வரவில்லை. அத்தான் முகம் சுளித்தார். துடைத்தபிறகு, துடைத்தபிறகு என்று இரண்டு மூன்று தடவை வந்ததும் கம்பெனிக்காரர் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தொட்டால் எரிகிற அடுப்புக்கு ஈரத்துணி பட்டாலும் விரல் பட்டாலும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாதா?

"இன்னொரு அம்மா எழுதினாங்க" என்றான் ஜட்ஜ், நடுங்குகிற கிழக்குரலில். "'மதியம் வீட்டில் நான் ஒருத்திதான். அடுப்பைப் பற்றவைக்கவில்லை, பற்றியிருக்கிறது. பயந்து நானே அணைத்துவிடுகிறேன், வீட்டில் சொல்லவில்லை. கோளாறு அடுப்பிலா என் தலையிலா என்று தெரியவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? இல்லை என்றாலும் இல்லை என்று எழுதுங்கள்.'"

"வெறும் 'எழுதுங்கள்' இல்ல" என்றார் மாமியார். "'தயவுசெய்து எழுதுங்கள்'னு போட்டிருந்தேன்."

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜட்ஜையே பார்த்தார்.

"அது நான் எழுதினது."

"அம்மா?" என்றார் அத்தான்.

"இருடா." கையை உயர்த்தி மகனை அடக்கினார். "தம்பி, அதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

ஜட்ஜ் எத்தனையோ சொல்லியிருக்கலாம். பரிசீலனையில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம், விதிப்படி நடவடிக்கை என்று சொல்லியிருக்கலாம். "அடுப்பை விட்டுட்டு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன். சிரிச்சோம்."

"யார் யாரு?"

"ஆபீஸ்ல... எல்லாரும்."

மாமியார் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். அவர் மூச்சை நீளமாக விட்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ள இடது கை பழகாமல் தடுமாறியது.

"அப்போ அது இருந்துச்சு" என்றார். "சிரிச்சிருக்காங்கன்னா இருந்திருக்கு. நான் எழுதத்தான் எழுதியிருக்கேன்."

பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார், நிறுத்தி நிறுத்தி. "பதில் வந்திருக்கான்னு தினமும் பாப்பேன்டா. ஒருநாள் போய்ப் பாத்தா கேள்வியே இல்ல. மேல தேடினேன், கீழ தேடினேன், இல்ல. எழுதினேனா, எழுதினதா நெனச்சுக்கிட்டேனான்னு தெரியல. உங்க பெரியம்மாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது? கடைசியில பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டாளே. எனக்கும் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். கை வெந்த அன்னிக்கு, அடுப்பை நானே பத்தவச்சிட்டு மறந்துட்டேன்னு யாராவது சொல்லிடுவீங்களோன்னு பயம். அதுக்கு முன்னால இவ பேரைச் சொல்லிட்டேன்."

கம்பெனிக்காரருக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது. "அதாவது அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி..." என்று பேனாவைத் திரும்பத் திறந்தார்.

"உங்க கம்பெனிக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன்" என்றார் மாமியார் அவர் பக்கம் திரும்பி. "முதல்ல எடுத்தது ஒரு பொண்ணு, அரை நிமிஷம் பாட்டைப் போட்டுட்டுக் கட் பண்ணினா. ரெண்டாவது நீங்கதான். 'அம்மா, வீட்டுல வேற யாராவது பெரியவங்க இருந்தா பேசச் சொல்லுங்க'ன்னீங்க. குரலை மறக்கற ஆள் இல்ல நான், முப்பது வருஷம் குரலோடதான் குப்பை கொட்டினேன். நம்பர் சொல்லட்டுமா?"

கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன வாய் அது.

மாமியார் மருமகளைப் பார்த்தார். "நீ அணைச்சிட்டுத்தான் போயிருப்பே. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சே சொன்னேன்மா."

அக்கா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கும் கோபம் இருக்கும்தானே, இத்தனை நாள் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கம்பெனிக்காரரிடம், "முதல்ல அந்த அடுப்பைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க" என்றாள். மாமியார் பக்கத்தில் வந்து, கட்டு நனைந்திருக்கிறதா என்று கையைத் தூக்கிப் பார்த்தாள். "மதிய மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரி.

கம்பெனிக்காரர் ஜட்ஜிடம் வந்து, இதையெல்லாம் எழுத்தில் வேறு கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் அவனுடைய தளத்தின் பெயர்தானே கெடும் என்று காதோடு நயமாகச் சொல்லிப் பார்த்தார். கொடுக்கிறேன் என்றான் ஜட்ஜ், சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி. சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். உண்மையைச் சொன்னவனுக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார்களா என்று அந்த மனிதன் நிஜமாகவே எதிர்பார்த்தான். அத்தான் அடுப்பின் ஒயரைக் கழற்றப் போய்விட்டார்.

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வாசல்வரை வந்தாள்.

"பிரமைன்னு சொன்னியே. அப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் வாரைப் பூட்டுவதுபோலக் குனிந்தான். "தெரியும்" என்றான்.

"நாலு நாளா இந்தக் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்டா. இது அணைச்சுதா இல்லையான்னு. நீ பக்கத்துல டிவி பாத்துட்டிருந்தே."

"அக்கா, நான் வந்து..."

"எதையாவது கேக்கணும்னா இனிமே வேற யாரையாவது கேட்டுக்கறேன்" என்றாள். திட்டுகிற குரலே இல்லை, மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரல். உள்ளே மாமியார் கூப்பிட்டார். அக்கா திரும்பி நடந்தாள். அவன் எந்த வயதில் எங்கே கிளம்பினாலும் போயிட்டு வா என்றுதான் சொல்லி அனுப்புவாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள்.